‘இதுல 2017-னு போட்டிருக்கே மேடம்!’

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முக்கொம்புப் பூங்காவில் மரத்தடிக்கு மரத்தடி ஒரு குடும்பம். புளியோதரை வாசனை ஒரு பக்கம், ஊஞ்சலுக்குச் சண்டை போடும் பிள்ளைகளின் சத்தம் ஒரு பக்கம். அகண்டு வரும் காவிரி, இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம்.

அந்த ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டும் சாப்பிடாமல், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயது 37. ஒன்பது வயது மகன் தண்ணீரைப் பார்க்கக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாளைக்கு முன்னால் வந்த ஒரு போன் அழைப்பு அவர் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“மேடம், உங்க சி.சி.என்.ஏ. சர்டிஃபிகேட் காப்பி கிடைச்சுது. ஆனா இதுல ‘வேலிட் த்ரூ’ 2017-னு போட்டிருக்கே?”

“ஆமா சார். அது முடிஞ்சு போச்சு.”

“ரெஸ்யூமேல அப்படிப் போடலையே மேடம்...”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. எதிர்முனையில் இருந்தவர் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. “சரி மேடம், இன்டர்னலா பேசிட்டுச் சொல்றோம்” என்று வைத்துவிட்டார். அந்தப் ‘பேசிட்டு’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று வேலை தேடிய எல்லோருக்கும் தெரியும்.

சி.சி.என்.ஏ. என்பது சிஸ்கோ நிறுவனம் நடத்தும் நெட்வொர்க்கிங் தேர்வு. 1998-ல் தொடங்கியது. ரவுட்டர், ஸ்விட்ச், ஐ.பி. முகவரி என்று கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு இதுதான் முதல் படி. அவர் 2014-ல் சென்னையில் அதை எழுதித் தேறினார். ஒரு டேட்டா சென்டரில் இரவு ஷிஃப்ட் வேலை. 2016-ல் மகன் பிறந்தான். மறு வருடம், வங்கியில் வேலை பார்க்கும் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல். அதே வருடம் சர்டிஃபிகேட்டின் மூன்று வருட ஆயுளும் முடிந்தது.

ஆயுள் முடிவதற்குள் மறுபடி ஒரு தேர்வு எழுதியிருந்தால் இன்னும் மூன்று வருடம் கிடைத்திருக்கும். கைக்குழந்தை, வீடு மாற்றம், மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். அந்த வருடம் சர்டிஃபிகேட்டை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

ஆனால் அவர் சும்மா இருந்துவிடவில்லை. 2019-லிருந்து திருச்சியில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க் முழுவதும் அவர் பொறுப்பில்தான் ஓடுகிறது. நாற்பது ஸ்விட்ச், மூன்று ஹாஸ்டல், தேர்வு அறை, லைப்ரரி. 2020 ஊரடங்கில் ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே கல்லூரி சர்வருக்குள் வர, இரண்டு நாள் தூங்காமல் வழி செய்து கொடுத்ததும் அவர்தான். கையில் செல்லுபடியாகும் சர்டிஃபிகேட் இருந்த மூன்று வருடங்களை விட, அது காலாவதியான பிறகு செய்த வேலைதான் அதிகம்.

பிறகு ஏன் ரெஸ்யூமேயில் வருடத்தைப் போடவில்லை? பழைய தோழி ஒருத்தி சொன்னாள்: “வருஷத்தை எடுத்துடு. வெறும் சி.சி.என்.ஏ.னு மட்டும் போடு. கம்ப்யூட்டர்தான் முதல்ல ஃபில்டர் பண்ணும், அதுக்கு அந்த எழுத்து இருந்தாப் போதும்.” தோழி சொன்னதில் பாதி உண்மை. பெரிய நிறுவனங்களுக்கு ஒரே இடத்துக்கு நூற்றுக்கணக்கில் ரெஸ்யூமே வரும். முதல் சலிப்பு மென்பொருளில்தான். அந்தச் சல்லடையைத் தாண்டிவிட்டார். சல்லடைக்குப் பின்னால் மனிதர் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பதைத்தான் இருவரும் யோசிக்கவில்லை.

“என்னம்மா, புளியோதரை ஆறுது” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் அப்பா. ஓய்வு பெற்ற வெல்டர். துவாக்குடியில் பாய்லர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு யூனிட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்.

மகள் சொல்லிவிட்டார். வேறு யாரிடமும் சொல்லாததை, கணவரிடம்கூடச் சொல்லாததை. “பொய் சொல்லிட்ட மாதிரி ஆயிடுச்சுப்பா. நான் பொய் சொல்லணும்னு நினைக்கல. ஆனா அவர் கேட்டப்ப எனக்கே அது பொய்யாத்தான் பட்டுது.”

அப்பா உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். “வெல்டருக்கும் சர்டிஃபிகேட் முடியும், தெரியுமா?” என்றார்.

மகளுக்குத் தெரியாது.

பாய்லர் வேலையில் யார் வேண்டுமானாலும் பற்றவைத்துவிட முடியாது. அதிக அழுத்தத்தில் நீராவி ஓடும் குழாய். பற்று விட்டால் உயிர் போகும். அதனால் ஒவ்வொரு வெல்டரும் ஒரு துண்டைப் பற்றவைத்துக் காட்டி, அது சோதனையில் தேறினால்தான் அந்த வேலையில் கை வைக்கலாம். திருச்சியைச் சுற்றியுள்ள யூனிட்டுகளில் பலவும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதிகளின்படி வேலை செய்பவை. அந்த விதியில் ஒரு நியாயம் உண்டு. வெல்டர் தொடர்ந்து அதே முறையில் வேலை செய்துகொண்டிருக்கும் வரை அவருடைய தகுதி தொடரும். ஆறு மாதம் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால், போச்சு. வயதோ அனுபவமோ கணக்கில் வராது.

“எனக்கு அப்ப கண் ஆபரேஷன். எட்டு மாசம் என்னை ஸ்டோர்ஸ்ல உக்கார வெச்சுட்டாங்க. திரும்பி வந்தா, டெஸ்ட் குடுக்கணும்கறான் இன்ஸ்பெக்டர். என் பையன் வயசுதான் இருக்கும். இருபது வருஷமா ஆர்கான் வெல்டிங் பண்றவன்கிட்ட டெஸ்ட்டா? கோவம் வந்துச்சு.”

“குடுத்தீங்களா?”

“குடுக்காம? ஒரே ஒரு பீஸ்தான். அது தேறிட்டா அந்த முறையில பழைய தகுதியெல்லாம் திரும்ப வந்துடும். அலட்சியமாத்தான் அடிச்சேன். எக்ஸ்ரேல உள்ள முழுக்கக் காத்துக் குமிழி. ஃபெயில்.”

மகள் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கதை வீட்டில் யாருக்கும் தெரியாது.

“உங்கம்மாகிட்டகூடச் சொல்லல. நாலு நாள் வேஸ்ட் பைப்ல அடிச்சு அடிச்சுப் பழகுனேன். அடுத்த பீஸ் தேறுச்சு. கை மறக்கல. ஆனா கொஞ்சம் வழுக்கியிருந்துச்சு. அது எனக்கே தெரியல பாரு.”

நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட்டின் கணக்கு வேறு. அது நாள்காட்டியை மட்டும் பார்க்கும். மூன்று வருடமும் தினம் பத்து மணி நேரம் ரவுட்டரோடு மல்லுக்கட்டினாலும் தேதி வந்தால் முடிந்துவிடும். அதே மூன்று வருடம் ஒரு கேபிளைக்கூடத் தொடாமல் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தவரின் சர்டிஃபிகேட், தேதி வரும் வரை ‘செல்லுபடியாகும்’. வெல்டரின் விதியில் இருக்கும் நியாயம் இதில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தேர்வுக் கட்டணமும் ஒரு வருமானம்தானே என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. சி.சி.என்.ஏ.வுக்குக் கட்டணம் 300 டாலர். வரியோடு நம்மூர்க் காசில் முப்பதாயிரம் ரூபாய் அளவுக்கு வந்துவிடுகிறது.

எல்லாச் சர்டிஃபிகேட்டும் ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் தேர்வை 2011-க்கு முன்னால் எழுதியவர்களுக்கு அது ஆயுள் முழுக்கச் செல்லும். அதற்குப் பிறகு எழுதியவர்களுக்கு மூன்று வருடம். மைக்ரோசாஃப்ட்டின் இன்றைய சர்டிஃபிகேட்டுகள் பலவற்றுக்கும் ஒரே வருடம்தான் ஆயுள். ஆனால் புதுப்பிக்கக் காசு வாங்குவதில்லை, வீட்டிலிருந்தே இணையத்தில் ஒரு சின்னத் தேர்வு. சிஸ்கோவில் இப்போது மறுபடி தேர்வு எழுதாமலே, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளை முடித்து 30 புள்ளிகள் சேர்த்தும் சி.சி.என்.ஏ.வைப் புதுப்பிக்கலாம். ஆனால் தேதி முடிவதற்குள் செய்ய வேண்டும். முடிந்த மறுநாள் போய் நின்றால், புதிதாக எழுத வருகிறவரோடு ஒரே வரிசைதான்.

முக்கொம்பிலிருந்து திரும்பிய அன்று இரவே அவர் ரெஸ்யூமேயைத் திருத்தினார். ‘சி.சி.என்.ஏ. (2014 – 2017, தற்போது காலாவதி)’ என்று ஒரு வரி. அதற்கு மேலே, கல்லூரியில் 2019-லிருந்து செய்துவரும் வேலைகள், எண்ணிக்கையோடு. முன்பு சர்டிஃபிகேட் மேலேயும் கல்லூரி வேலை கீழேயும் இருந்தன. இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். ‘காலாவதி’ என்று தட்டச்சு செய்யும்போது விரல் ஒரு நிமிடம் நின்றது. மருந்துக் கடையில் திருப்பிக் கொடுக்கும் மாத்திரை அட்டை ஞாபகம் வந்ததாம்.

அடுத்து வந்த அழைப்பு, அரசு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து. அதன் மேலாளர் சுற்றி வளைக்கவில்லை.

“உங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா டெண்டர்ல ‘செல்லுபடியாகும் சர்டிஃபிகேட் உள்ள இன்ஜினீயர் இத்தனை பேர்’னு கேக்கறாங்க. தேதி முடிஞ்ச காகிதத்தை நான் கவர்ல வைக்க முடியாது. எடுத்துட்டு வந்தா நாளைக்கே சேர்த்துக்கறேன். இல்லாட்டி உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சாலும் எனக்கு ஒரு ஆள் குறைவுதான்.”

இது அவமதிப்பு அல்ல, கணக்கு. சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் பொருட்களை விற்று அமைத்துத் தரும் கூட்டாளி நிறுவனங்களுக்கும் இதே கணக்கு உண்டு. அந்தக் கூட்டாளி அந்தஸ்தைத் தக்கவைக்க, சர்டிஃபிகேட் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும். ஒருவருடைய தேதி முடிந்தால் அந்த எண்ணிக்கையில் ஒன்று விழும். அதனால்தான் இத்தகைய நிறுவனங்கள் பலவும் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டிவிடுகின்றன. வேலைக்குச் சேருகிறவர்கள் அதைக் கூச்சப்படாமல் கேட்டுப் பெறலாம். பலர் கேட்பதே இல்லை.

மூன்றாவது அழைப்பு, திருச்சியிலேயே கிளை வைத்திருக்கும் வேறொரு நிறுவனம். தன் சொந்த நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. டெண்டரும் இல்லை, கூட்டாளிக் கணக்கும் இல்லை. நேர்காணலுக்கு வந்த நெட்வொர்க் மேலாளர் ரெஸ்யூமேயைப் புரட்டினார். ‘காலாவதி’ என்ற வரியில் கண் நின்றது. அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“ஒரு மாடியில மட்டும் காலையிலேருந்து பத்து பேருக்கு நெட் வரல. மத்தவங்களுக்கு வருது. எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?”

“அந்தப் பத்து மெஷினுக்கு என்ன ஐ.பி. வந்திருக்குன்னு பார்ப்பேன் சார். 169.254-ல ஆரம்பிச்சா, முகவரி குடுக்கற சர்வர்கிட்டேருந்து பதிலே வரலைன்னு அர்த்தம். நம்ம கொடுக்காத வேற ஒரு முகவரி வந்திருந்தா, யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவத்துல இருக்கற போர்ட்ல சொருகியிருக்காங்க.”

மேலாளர் சிரித்தார். “இது புஸ்தகத்துல படிச்ச பதில் இல்லையே?”

“எங்க ஹாஸ்டல்ல நடந்தது சார். ரெண்டாவது மாடிப் பையன் ஒருத்தன் ஊர்லேருந்து ரவுட்டர் கொண்டுவந்தான். மாடி முழுக்க அவன்தான் முகவரி விநியோகம்.” பிறகு அப்படி நடக்காமலிருக்க ஸ்விட்சில் என்ன கட்டுப்பாடு வைத்தார் என்பதையும் சொன்னார்.

இருபது நிமிடம் இப்படியே போனது. அவருக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

“இருநூறு ஸ்விட்சுல ஒரே மாத்தம் செய்யணும். எப்படிச் செய்வீங்க?”

“ஒவ்வொண்ணா லாகின் பண்ணி...” என்று ஆரம்பித்தவர், மேலாளரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“ஆன்சிபிள் தெரியுமா?”

“பேர் கேள்விப்பட்டிருக்கேன் சார்.”

வீட்டுக்கு வந்து, இன்றைய சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்தை முதல்முறையாக முழுசாகப் படித்துப் பார்த்தார். ஐ.பி. முகவரியைப் பகுக்கும் கணக்கு அப்படியே இருக்கிறது. 1981-ல் வகுத்த ஐ.பி. நான்காம் பதிப்புதான் இன்றும் பாடம். ஒரே ஸ்விட்சைப் பல வலைகளாகப் பிரிப்பதும், பாதை கண்டுபிடிப்பதும் அப்படியே. 2014-ல் அவர் ராத்திரி பகலாக உருப்போட்ட ஃபிரேம் ரிலே காணாமல் போயிருந்தது. அதை நேர்காணலில் யாரும் கேட்கப் போவதில்லை. 2020 பிப்ரவரி 24-ல் சிஸ்கோ தன் தேர்வுகளை மொத்தமாக மாற்றியமைத்தபோது, வயர்லெஸ்ஸும் பாதுகாப்பும் பெரிதாக உள்ளே வந்தன. ஒரே கட்டளையில் நூற்றுக்கணக்கான கருவிகளை மாற்றும் தானியங்கி முறைகளும் வந்தன. 2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவும் எட்டிப் பார்த்தது.

அப்பா சொன்ன காற்றுக் குமிழி அவருக்கு அப்போது புரிந்தது. கல்லூரியில் நாற்பது ஸ்விட்ச்தான். ஒவ்வொன்றாக லாகின் செய்தாலே சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். அதனால் இன்னொரு வழி வந்திருப்பதே தெரியாமல் போயிருக்கிறது.

மேலாளர் கடைசியில் சொன்னது இது: “நீங்க படிச்சதுல முக்கால்வாசி இன்னும் ஓடுது. மீதியைப் பார்த்துட்டு வாங்க. அந்த இடம் ரெண்டு மாசம் காலியாத்தான் இருக்கும். சர்டிஃபிகேட் எழுதுனா எழுதுங்க, எழுதாட்டியும் எனக்குப் பரவாயில்ல.”

எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்ன இடத்துக்காகத்தான் அவர் முப்பதாயிரம் கட்டினார் என்பது வேடிக்கை. “டெண்டர் கம்பெனிக்காரரும் காத்திருக்கார் இல்லையா, ரெண்டுக்கும் சேர்த்து” என்பது கணவரிடம் சொன்ன காரணம்.

முதலில் போன் செய்த நிறுவனத்துக்கும் ஒரு மெயில் அனுப்பினார். வேலை கேட்டு அல்ல. ‘தேதியைக் குறிப்பிடாதது என் தவறு, திருத்திய ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்’ என்று இரண்டே வரி. பதில் வரவில்லை.

இப்போது அந்த வீட்டில் காலை ஐந்து மணிக்கு விளக்கு எரிகிறது. பேக்கெட் டிரேசர் என்று சிஸ்கோவே இலவசமாகத் தரும் மென்பொருளில், இல்லாத ரவுட்டர்களை இல்லாத கேபிளால் இணைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகன் எழுந்து ஸ்கூலுக்குக் கிளம்பும் வரை இரண்டு மணி நேரம். அப்பா வாக்கிங் முடித்து வரும்போது, வாரத்தில் ஒரு நாளாவது பின்னால் நின்று பார்ப்பார். ஒன்றும் புரியாது.

போன ஞாயிறு மறுபடியும் முக்கொம்பு. மகனுக்கு ஆற்றுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் தாத்தா. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, அதன் கொள்ளிடப் பக்கம் 45 மதகுகள், 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனது, பிறகு 387 கோடி ரூபாயில் எழுந்த புதிய கதவணை. “180 வருஷம் நின்னுச்சுடா” என்றார். பேரன், “அதுக்கு யாரு தாத்தா டெஸ்ட் வெச்சா?” என்று கேட்டான். தாத்தா சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

பிறகு மகள் பக்கம் திரும்பி, “உன் டெஸ்ட்டுல எத்தனை மார்க் எடுத்தா பாஸ்?” என்றார்.

“அதை அவங்க சொல்றதில்லப்பா. பாஸ் மார்க்கை வெளியிட மாட்டாங்க.”

“சொல்லவே மாட்டானா?” அப்பா கொஞ்சம் யோசித்தார். “எங்களுக்கும் அப்படித்தான். பீஸைக் குடுத்துட்டு வந்து வெளிய உக்காந்திருப்போம். ஃபிலிம் கழுவி வர்ற வரைக்கும் டீகூட உள்ள எறங்காது.”

மகள் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். தேர்வுக்கு இன்னும் 19 நாள் இருந்தது.